கூப்பிடு தூரம்

“இதுல இன்னாம்மா கொற கண்டே? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்!”

வீட்டுத் தரகர் ஜாபர் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து இது இரண்டாவது வீடு. திருவொற்றியூர் மெயின் ரோட்டில் புதிதாகக் கட்டிய மாடி வீடு, நல்ல தண்ணீர், காற்றோட்டம். மங்கையோ ஜன்னலருகே நின்று, துறைமுகத்துக்கு வரிசை கட்டிப் போகும் கண்டெய்னர் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராத்திரியிலயும் இப்டித்தான் சத்தமா இருக்குமா பாய்?”

“ராவெல்லாம் வண்டி ஓடும். பழகிட்டா ஒண்ணும் தெரியாது.”

“அப்ப இது வேணாம்.”

அவள் கணவன் பக்தவச்சலம் சிரித்தான். வெயிலில் அவளுக்குக் குடை பிடித்துக் கூட்டி வந்தவன் அவன். “அவளுக்குப் புடிச்சாத்தான் பாய். எனக்கு என்னமோ காலையில பாத்த வூடுதான் மனசுல நிக்குது.”

பாய்க்கும் அதில்தான் ஆசை. எண்ணூரில் தெருக்கோடித் தனி வீடு. சுற்றிலும் காலி மனை, ஈ காக்கை கிடையாது. பக்தவச்சலம் சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல கனம் என்று மெச்சிக்கொண்டான். அதையும் இவள்தான் வேண்டாம் என்றாள். அமைதியாக இருந்தாலும் ஆகாது, சத்தமாக இருந்தாலும் ஆகாதாம்! துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அப்பா மகள் பெயருக்கு வீடு வாங்கித் தருகிறார் அல்லவா, அந்தத் திமிர் என்று பாய் முடிவு கட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத புருஷன் வேறு. தன் மருமகனை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டார்.

பக்தவச்சலம் முன்னால் இறங்கிப் போனதும், மங்கை படியில் நின்று மெதுவாகச் சொன்னாள். “கோச்சுக்காதீங்க பாய். அப்பாவால ஒரு வாட்டிதான் வாங்கித் தர முடியும். எடம் தப்பாப் போச்சுன்னா நான் தொலஞ்சேன்.”

இதென்ன பெரிய பேச்சு என்று அலுத்துக்கொண்டே, கடைசியாகப் பழைய வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிப் போனார். வந்தவர்கள் எல்லாம் வாசலோடு திரும்பிப் போன வீடு அது. கை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல் தட்டுப்படும் சந்து. ஒரே வீட்டை இரண்டாக்கி நடுவில் ஒரு சுவரை எழுப்பியிருந்தார்கள்.

“மெட்ரோ கூப்பிடு தூரம்தாம்மா...” என்று பாய் ஆரம்பிக்கும்போதே அடுத்த வீட்டில் யாரோ தும்மினார்கள். இதே அறைக்குள் நின்று தும்மியது போலக் கேட்டது. பாய்க்கு மானமே போயிற்று.

“சே, கலீஜா கீது!” முகம் சுளித்த பக்தவச்சலம், செல்போன் அடிக்கவே வெளியே போனான்.

மங்கை சுவரருகே போய், “அக்கா!” என்றாள், சாதாரணக் குரலில்.

“இன்னாம்மா? வூடு பாக்க வந்துகிறியா?” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. “தைரியமா வா. இன்னா ஒண்ணுன்னாலும் நாங்க கீறோம்!”

அன்று முதன்முறையாக மங்கையின் முகம் தெளிந்தது. “இதையே பேசி முடிச்சுடுங்க பாய்.”

தொழிலில் வாய் கூசாமல் பொய் சொல்பவர்தான் ஜாபர் பாய். ஆனாலும் தலையில் கட்ட மனசு வரவில்லை. அவரும் பெண்ணைப் பெற்றவர்.

“அவசரப்படாதம்மா. அது வெறும் அரைக்கல் செவுரு. நீ மூச்சு வுட்டாக்கூட அந்தாண்ட கேக்கும். மேலயும் ஜனம், பக்கத்துலயும் ஜனம். புருஷன் பொண்டாட்டி நிம்மதியா நாலு வார்த்தை பேசிக்க முடியாது.”

“பேசறத வுடுங்க பாய்.” மங்கை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ராத்திரியில அவரு என்னைப் போட்டு அடிக்கும்போது நான் கத்துனா, இங்க யாராச்சும் ஓடியாருவாங்க இல்ல?”