கூலி வாங்காத மைனா

அணிலுக்கு நாலு தோப்பு தள்ளி ஒரே ஒரு அக்கா. கஷ்டம் என்று சேதி போனால் போதும், மறுநாளே ஓடி வந்துவிடும். சேதி கொண்டுபோவது மைனா. கூலியே வாங்காது.

ஒருநாள் அணில், "பல் வலிக்குதுக்கா" என்று சொல்லியனுப்பியது. அக்கா வருவதற்கு முன்பே, கை நிறைய வேப்பங்குச்சியோடு ஓணான் வந்து நின்றது. "பல் வலியாமே?"

அணில் மைனாவைப் பிடித்துக்கொண்டது. "என் சேதியை ஓணானுக்கு எதுக்குச் சொன்னே?"

"சேதியையா? சேச்சே! குச்சி யாருக்கு வேணும்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு ஓணான் நாலு புழு தரும். பின்னே, உன் சேதியைத் தூக்கிட்டுப் பறக்க எனக்கு யார் தீனி போடுவா?"

அதுவும் சரிதான் என்று அணில் மைனாவை விட்டுவிட்டது.

பிறகு, "முழுகாம இருக்கேன்க்கா" என்று சொல்லியனுப்பியது. அன்றிலிருந்து தையல்சிட்டு தினமும் வந்தது. "குட்டிகளுக்குப் பஞ்சு மெத்தை வேணுமா?"

குட்டிகள் பிறந்த வாரமே ஆடிக் காற்றில் கூடு விழுந்தது. மூன்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மறுநாளும் தையல்சிட்டு வந்து அதையேதான் கேட்டது.

அது போனபின் மைனா வந்து உட்கார்ந்தது. "அக்காவுக்கு என்ன சொல்லட்டும்?" என்று தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

அணில் வாயைத் திறந்தது. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யார் எதைத் தூக்கிக்கொண்டு வருவார்களோ என்று நினைத்ததுமே அலுத்துப்போனது.

"நல்லா இருக்கேன்னு சொல்லிடு."

மறுநாள் பஞ்சோடு தையல்சிட்டு வந்தது. அக்கா வரவில்லை.