பொய்ச் சடங்கு

“கல்யாணமாகி நாலு மாசம். நீ ஒரு தடவைகூட வீட்டுக்குத் தூரமாகல. பேரன்தான், வேறென்ன!”

பெல்மதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் மருமகளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுச் சிரித்தாள் புஷ்பம். தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். அவள் வாய்க்குப் பூட்டு ஏது?

துஷ்யந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் மாமியிடம் சிங்களத்தில் பேசினார். ஹட்டன் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த துஷ்யந்திக்குச் சிங்களம் கடைக்குப் போகிற அளவுதான். ‘நே’ என்ற சொல் மட்டும் புரிந்தது. இல்லை.

மாமியின் முகம் செத்துப்போனது.

வெளியே வந்ததும் கேட்டாள். “பொறவியிலேயே உனக்குக் கர்ப்பப்பை இல்லையாம். தெரியுமா உனக்கு?”

“அது தெரியாது மாமி. ஆனா... நான் வயசுக்கே வரல.”

“பொய் சொல்லாத! சடங்கு போட்டோவை உங்க வீட்டுச் சுவத்துலயே பார்த்தேனே?”

“வயசு ஏறியும் வரலைன்னு லயத்துல பேச ஆரம்பிச்சாங்க. அம்மா பயந்துபோய், வந்துட்டேன்னு சொல்லித் தண்ணி ஊத்திட்டாங்க.”

புஷ்பம் அப்புறம் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலும் அப்படித்தான். பஸ் அவர்கள் ஊரான ஓப்பநாயக்கவை நெருங்கியது. லயத்துப் பெண்கள் நல்ல சேதி கேட்கக் காத்திருப்பார்கள். மாமி ஒரு வார்த்தை விட்டால் போதும்.

“என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா மாமி?”

“ஊரை ஏமாத்தினது உங்கம்மா மட்டும்னு நெனச்சியா?” புஷ்பம் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் வயித்துல ஒண்ணும் தங்கல. ஊர் வாய்க்குப் பயந்து, மாசாமாசம் துணியைக் கூட்டிக் கூட்டி வயித்துல கட்டிக்கிட்டு நடந்தேன். பிரசவத்துக்குன்னு அம்மா வீட்டுக்குப் போய், தாய் செத்துப்போன ஒரு பிள்ளையைத் தூக்கிட்டு வந்தேன். அதுதான் உன் புருஷன்.”

“அவருக்குத் தெரியுமா?” என்றாள் துஷ்யந்தி.

“தெரியாது. உனக்குச் சம்மதம்னா, உன் விஷயத்தோட இதையும் இன்னைக்கே சொல்லிடுறேன். அப்போதான் உன்னை ஒரு சொல் சொல்ல சுரேந்திரனுக்கு வாய் வராது.”

மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லும்போது நீ பக்கத்துல இருப்பியா பிள்ளை? எனக்குப் பயமா இருக்கு.”