பொதுப் பரல்

வாசிகசாலையின் தகரக் கூரையில் மத்தியான வெயில் கொதிக்கிறது. மின்சாரம் நின்று மூன்று வருடமாகிவிட்ட ஊர். சங்கத் தலைவர் இராசநாயகம் புது விதியை வாசித்து முடிக்கிறார்: கூப்பன் மண்ணெண்ணெயில் வீட்டுக்கு இரண்டு போத்தல், மூலையில் நிற்கும் இரும்புப் பீப்பாயான பொதுப் பரலுக்கு, அந்த எண்ணெயில் தண்ணீர் இறைக்கும் மிசின் நாளுக்கு ஒரு தோட்டமாக முறை வைத்து ஓடும். லாந்தரை விட்டு ஜாம் போத்தல் விளக்குக்கு மாறினால் அவ்வளவும் மிச்சம் என்கிறார். மாதிரி விளக்கு ஒன்று மேசையில் பயறளவு சுடரோடு நடுங்குகிறது. "உந்த வெளிச்சத்திலை நுளம்புக்கும் வழி தெரியாது, அண்ணை!" என்கிறார் பரமலிங்கம், காதடியில் ரீங்கரித்த கொசுவை விரட்டியபடி. வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். பாலேஸ்வரி சிரிக்கவில்லை. சுவரில் தொங்கும் முறைப் பட்டியலில் அவள் பெயர் ஏழாவது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். காலையிலேயே அவள் தோட்டத்து வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளாகி மடிந்து கிடந்தது.

"ஏழு நாள் வெங்காயம் தாங்காது, அண்ணை."

"சீட்டுக் குலுக்கித்தானே எழுதினது, பிள்ளை. ஒரு வீடு மாட்டன் எண்டாலும் பரல் நிரம்பாது. பிறகு ஒருத்தருக்கும் தண்ணி இல்லை."

கைகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. தலைகள் அவள் பக்கம் திரும்புகின்றன. முன் வாங்கிலிருந்து சின்னாச்சி, முதல் சீட்டு விழுந்தவள், அவள் முகத்தைப் பார்க்காமல் மடியைப் பார்க்கிறாள். விளக்குத் திரி சடசடக்கிறது.

"ஓம், எழுதுங்கோ" என்று பாலேஸ்வரி கையைத் தூக்குகிறாள். இராசநாயகம் எண்ணி முடிக்கும்வரை அவளால் இருக்க முடியவில்லை. தூக்கிய கையை இறக்காமலே எழுந்து வாசலுக்கு நடக்கிறாள். கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றினாலும் இருட்டுவதற்குள் நாலு பாத்தி நனையும்.