மை இருந்தால் தோசை

"மொதல்ல விரலக் காட்டுங்க சார்" என்றாள் ஜெபா.

கார்த்திகேசனுக்குப் புரியவில்லை. கரையான்சாவடியில் அவர் குடியிருக்கும் ஃப்ளாட்டின் கேட்டுக்கு எதிரேதான் ஜெபாவின் டிபன் வண்டி. மனைவி ஊருக்குப் போன நாளிலிருந்து அவருக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். "ரெண்டு தோசை" என்று சொல்லி முடிப்பதற்குள் கல்லில் மாவு விழும். இன்று கரண்டி அசையவில்லை.

"எதுக்கும்மா விரல்?"

"இன்னிக்கி வார்டு எலக்ஷன். மை கீற கைக்குத்தான் தோசை. காலைலருந்து அப்டித்தான் குடுத்துகினு கீறேன்."

பக்கத்தில் நின்ற பச்சையப்பன் சிரித்தார். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே ஃப்ளாட்டில் மூன்றாவது மாடி. அவர் விரலிலும் மை இல்லை.

லிஃப்ட்டிலிருந்தே இருவரும் சண்டை போட்டுக்கொண்டுதான் இறங்கியிருந்தார்கள். மெட்ரோ வேலைக்கு வந்த வடநாட்டுக்காரர்கள் இங்கேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாமா, கூடாதா என்பதுதான் விஷயம். வண்டியருகே வந்தும் அது ஓயவில்லை.

"வரட்டும், வேலை பாக்கட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா ஓட்டு மட்டும் கூடாது சார்" என்றார் கார்த்திகேசன். "வெளியிலேருந்து வந்தவன் நம்ம கவுன்சிலர் யாருன்னு முடிவு பண்ணினா, நாம எதுக்கு இருக்கோம்?"

"நீங்க சங்கரன்கோவில்லேருந்து வந்து எட்டு வருஷம் ஆகுது. அவங்கள்ல சில பேர் வந்து பத்து வருஷம் ஆகுது. குப்பை வண்டி வரலைன்னா அவன் வீட்லயும்தான் நாறும்."

"அவனும் நானும் ஒண்ணா சார்?"

"சண்ட இருக்கட்டும்" என்று குறுக்கே வந்தாள் ஜெபா. "ரெண்டு பேரும் இன்னும் ஏன் ஓட்டுப் போடல?"

பச்சையப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கார்த்திகேசனுக்குக் கோபம் வந்தது. பசி வேறு.

"எந்தக் கட்சிக்காரன் உன்னை இப்படிப் பேச வெச்சிருக்கான்?"

"கட்சி இன்னா சார் கட்சி. உங்களுக்கு யாரப் புடிக்குதோ போடுங்க. மழைல இந்த கேட்டாண்ட முட்டி வரைக்கும் தண்ணி நின்னுதே, எவனாச்சும் எட்டிப் பாத்தானா? இந்த ஃப்ளாட்ல ஓட்டே உழாதுன்னு அவங்களுக்குத் தெரியும். பின்னால எங்க தெருவுலயும் அதே தண்ணிதான் நிக்குது."

கார்த்திகேசன் மெயின் ரோட்டு ஓட்டல் பக்கம் திரும்பினார். பச்சையப்பன் அவர் தோளில் கை போட்டார்.

"ஓட்டலைவிட ஓட்டுப் போடற ஸ்கூல் கிட்டக்க சார். எப்படியும் நடக்கத்தானே போறோம்."

பள்ளிக்கூடத்தில் வரிசையே இல்லை. மைப்புட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவர்களைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிலிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க ஃப்ளாட்டா சார்? நூத்திப்பத்து பேர் லிஸ்ட்ல இருக்கீங்க. உங்க ரெண்டு பேரையும் சேத்தா இதுவரைக்கும் வந்தது ஆறு."

திரும்பி வரும்போது கார்த்திகேசன் வடநாட்டுக்காரர்களைப் பற்றி எதுவும் பேசவில்லை.

ஜெபா இருவர் விரலையும் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சுற்றி எண்ணெய் விட்டு, முறுகலாக ஆளுக்கு ரெண்டு தோசை வார்த்துப் போட்டாள். கேட்காமலே காரச் சட்னியும் வைத்தாள்.

முதல் தோசை உள்ளே போனதும் கார்த்திகேசனுக்குத் தெம்பு வந்தது.

"ஏம்மா, எங்களை விரட்டினியே. உன் விரலைக் காட்டு பார்ப்போம்."

"இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்தட்டா சார்?"

"சட்னி இருக்கட்டும். விரல்."

ஜெபா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். ஆட்காட்டி விரலில் மாவுதான் காய்ந்திருந்தது. மை இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா சார் நியாயத்தை" என்றார் கார்த்திகேசன், பச்சையப்பனிடம். "சட்டமெல்லாம் நமக்குத்தான். அம்மணிக்குக் கிடையாது."

ஜெபா தலையைக் குனிந்து கல்லைச் சுரண்டினாள். அதைப் பார்த்ததும் கார்த்திகேசனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி, வியாபாரத்தை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு இருந்திருப்ப. போயிட்டு வாம்மா. கூட்டமே இல்லை, அஞ்சு நிமிஷம்தான். அது வரைக்கும் வண்டியை நான் பாத்துக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

"நீங்க பாத்துப்பீங்க சார். அங்க என்னிய உட மாட்டாங்க."

"ஏன், லிஸ்ட்ல பேர் விட்டுப்போச்சா?"

"எங்கம்மா மன்னார்லருந்து போட்ல வரசொல்ல நானு வயித்துல இருந்தேன். பொறந்தது எழும்பூர் ஆஸ்பத்திரி. இஸ்கோலு, கல்யாணம், புள்ளைங்க, எல்லாம் இங்கதான்."

அவள் கல்லில் தண்ணீர் தெளித்தாள். ஆவி அடங்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"பேப்பர்ல இன்னும் அகதின்னுதான் கீது. அகதிக்கு ஓட்டு இல்ல சார்."