மரப்படியும் பஸ் படியும்

பஸ் வந்து நின்றது. அவள் கணவருடைய இடுப்பைப் பிடித்துப் பின்வாசல் பக்கம் நகர்த்தினாள்.

அவர் நகரவில்லை.

இன்றைக்கும் இதே கதைதானா? இது மூன்றாவது நாள்.

பிசியோதெரபி அறையில் மனிதர் ராஜா. அங்கே மூன்று மரப்படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. நல்ல கால் முதலில், விழுந்துபோன வலது கால் பின்னால். பஸ் படி உயரமாயிற்றே என்று கீழ்ப்படியில் பலகை போட்டு உயர்த்தியும் பார்த்தாயிற்று. ஏறி நின்று, எப்படி என்று புருவத்தைத் தூக்கிக் காட்டுவார். பக்கவாதம் வந்ததில் பேச்சுதான் போனது, பவிசு குறையவில்லை.

தெருவுக்கு வந்தால் அத்தனையும் போச்சு.

"இங்க ஏறுறது பெருசில்லம்மா" என்றிருந்தாள் பயிற்சி கொடுக்கிற ஜெபராணி. "ரோட்டுல ஏறணும். பழகாம விட்டா கால் மறந்துரும்."

மறந்துதான் விட்டதோ?

ஞாயிற்றுக்கிழமை மகன் சென்னையிலிருந்து வருகிறான். சக்கர நாற்காலி பார்த்து வைத்துவிட்டானாம். அவன் அதைச் சொன்ன நேரம் பார்த்து இவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், சாப்பாட்டுக்கும் எழவில்லை. முப்பத்தொரு வருடம், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டர் அவர்.

அதற்காகத்தான் இந்தப் பாடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை பஸ்ஸில் ஏறிவிட்டால் போதும். மகனிடம் அவள் பேசிக்கொள்வாள்.

முதல் நாள் அவரை முன்னால் விட்டுப் பின்னாலிருந்து தாங்கினாள். ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்கள் ஏறட்டும் என்று கையை ஆட்டினார். ஏறினார்கள். பஸ்ஸும் போய்விட்டது.

"அண்ணாச்சி, ஏறுதியளா இல்லியா?" என்று அந்தக் கண்டக்டர் கேட்டது வீடுவரை அவள் காதிலேயே இருந்தது.

நேற்று கெஞ்சிப் பார்த்தாள். பிறகு திட்டினாள். நாலு பேர் பார்க்க, "பச்சப்புள்ளையா நீங்க?" என்றும் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள், அது வேறு.

இன்றும் அதே தனியார் பஸ். அதே கண்டக்டர்.

அவர் வாசலை விட்டு ஓரடி தள்ளி நின்றார். இடது கையை ஆட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி ஏறினாள். அவள் சேலை படியில் மாட்டாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். முருங்கைக்காய்க் கட்டோடு வந்தவள் தடுமாறினாள். கட்டை அவரே ஒரு கையால் உள்ளே தள்ளிவிட்டார்.

பயந்த மனிதர் செய்கிற வேலையா இது?

அவள் பிடியைத் தளர்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முன்வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு நிறுத்தத்தின் அந்தக் கோடியை, யாராவது ஓடி வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை.

பிறகு அவளைப் பார்த்தார். கொஞ்சம் கோபமாகவே பார்த்தார்.

கீழே இன்னும் ஒரு ஆள் நிற்கிறது.

அடக் கடவுளே!

ஆளைக் கீழே நிறுத்திவிட்டு இந்த மனிதர் என்றைக்கு வண்டியில் ஏறியிருக்கிறார்? கல்யாணமான புதிதில் அவருடைய பஸ்ஸில்தான் அவள் பிறந்த வீட்டுக்குப் போவாள். அவள் ஏறி, உட்கார்ந்து, பையை மடியில் வைத்த பிறகுதான் அவர் ஏறுவார். மூன்று நாளாக இந்த மடச்சி அவரை முதல் ஆளாக ஏற்றப் பார்த்திருக்கிறாள்.

ஆனால் அவள் ஏற வேண்டுமென்றால் அவரை விட வேண்டும்.

பக்கத்தை விட்டு நகரவே கூடாது என்று ஜெபராணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். விழுந்தால்? இடுப்பெலும்பு கிடுப்பெலும்பு போனால்? பிறகு சக்கர நாற்காலிகூடப் பத்தாது.

ஆறு மாதமாகப் பிடித்தே பழகிய கை. விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன.

அவள் ஏறினாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாள். நடுவில் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். ‘நல்ல கால், நல்ல கால்’ என்று வாய் மட்டும் முணுமுணுத்தது.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

எடுத்துவிட்டார்.

பின்வாசலில் ஒரு செருப்பு படியில் தேய்ந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு இன்னொரு செருப்பு.

மறுபடியும் முதலிலிருந்து. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பின்வாசலை ஒட்டிய ஒற்றைச் சீட்டு, கண்டக்டர் உட்காருகிற சீட்டு, கிறீச்சிட்டது.

பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

டிரைவர் வண்டியை எடுத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் பணத்தை நீட்டி, "ரெண்டு" என்றாள்.

கண்டக்டர் தன் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

ஒன்றுதான் கிழித்தார்.