கடவாய்க்கு ஒரு மீன்

மகெரோ காகிதப் பொட்டலத்தை டாக்டரின் மேசைமேல் பிரித்தார்.

பாதி மென்ற உகாலிக் களி. எச்சில் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு, பல்லி எச்சம் மாதிரி.

"கொஞ்சம் விட்டா முழுங்கியிருப்பேன் டாக்டரம்மா. போன வாரம் நீங்க பல்லுல அடைச்சதுதான்."

டாக்டர் அகெல்லோ துணுக்கை உறைவிரலால் நசுக்கினார். கல்லாய் இறுகியிருக்க வேண்டியது, ஊறின பிஸ்கட்டாய் உதிர்ந்தது. முகம் சுளித்தார்.

"ரெண்டாவது தடவை. இன்னைக்கு அடைக்கறதும் விழுந்தா பல்லைப் பிடுங்கறதுதான் வழி."

"மருந்து மட்டமோ?"

"நல்ல சரக்கு. சூடுதான் ஆகாது. அதனால ஃபிரிட்ஜுலயே வச்சிருக்கோம்."

ஹோமா பே ஏரிக்கரையில் மீன் ஏலம் விடும் வாய் மகெரோவுடையது. இப்போது அவர் விலை சொன்னால் வியாபாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து ஏலத்துக்கு நகர்கிறார்கள். அவ்வளவு நாற்றம்.

காரணம் மகெரோவுக்குத் தெரியும். சொல்லத்தான் கூச்சம்.

இங்கே யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. போன இரண்டு முறையும் அவர் கொண்டுவந்த மீன் சிறிசு. சின்ன மீனுக்குச் சின்ன வேலை.

இன்று நாற்காலியடியில் சாக்கு. உள்ளே ஆட்டுக்குட்டி கனத்தில் ஒரு ம்புட்டா மீன்.

நர்ஸ் அவினோ சாக்கை இழுத்தாள். "ஏண்ணே, இது மீனா, உங்க மச்சானா?"

மகெரோ சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டர் முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி மாட்டிக்கொண்டு பல்லைக் குடையத் தொடங்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அவினோ ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

கவிச்சி குப்பென்று அடித்தது. காலையிலிருந்து வந்தவர்கள் கொடுத்த மீன்கள். தட்டுத் தட்டாய் வழியும் ரத்தநீர். மகெரோவின் மீன் தலை மட்டும் உள்ளே போனது. வால் போகவில்லை.

ஃபிரிட்ஜின் மூலையிலிருந்த சின்ன வெள்ளைப் பெட்டியை உருவினாள். ஒட்டியிருந்த செதிலைக் கவுனில் துடைத்தாள். வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைத்தாள்: கருவிகளை அவிக்கும் பாத்திரத்தின் மூடிமேல். அடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

வால் உள்ளே போனது. கதவு மூடியது.

அந்தச் சத்தத்தில் மகெரோவுக்கு நிம்மதி. இந்தத் தடவை நிற்கும்.

குடைந்து முடித்து, திரும்பாமலே டாக்டர் கையை நீட்டினார்.

"அவினோ, மருந்து."

அவினோ பெட்டியைத் துணி சுற்றி எடுத்தாள்.