ஆணி அடிக்காத வீடு

டிரில்லின் முனை சுவரைத் தொட்டுவிட்டது.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று அவள் போட்ட கத்தலில், ஏணியில் நின்ற கடை ஆள் கீழே விழாதது அவரைப் பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

"உள்ள தண்ணிக் குழாய் போகுது. குறிச்சுத் தர ஆள் வந்துக்கிட்டிருக்கார்."

வந்துகொண்டிருந்தவன் அவளுடைய கொழுந்தன். பிளம்பர். இந்த வீட்டுக் குழாய்களையெல்லாம் சுவருக்குள் பதித்தவன் அவன்தான். வரைபடம் கிரைபடம் எதுவும் கிடையாது. எது எங்கே போகிறது என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை இந்த வாசலில் நுழைந்து ஆறு வருஷமாகிறது.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று அண்ணனும் தம்பியும் ஆரம்பித்த பேச்சு, "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்பதில் போய் முடிந்தது. தம்பி தன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். நீரடித்து நீர் விலகாது என்று சமாதானம் பேச வந்த சொந்தக்காரர்கள்தான் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு ஆணி இறங்கியதில்லை. கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. கல்யாணப் போட்டோ சோபாவுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. "எந்த இடத்துல குழாய் போகுதோ! ஓட்டை விழுந்தா வீடே குளமாயிடும்" என்பார் கணவர். அதற்கு மேல் அவளைப் பேசவிட மாட்டார்.

எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனி கட்டாமல் இருந்திருந்தால் அவளும் பேசாமல் இருந்திருப்பாள். இப்போது அவர்கள் அங்கே நின்று பல் தேய்த்தால் இவளுடைய கட்டில் தெரிகிறது.

ஜன்னலோ பழைய பாணி, ஆளுயரத்துக்கு மேல். திரை மாட்ட இந்தக் காலத்து ஸ்டீல் கம்பி அதற்கு முன்னால் குச்சி மாதிரி இருந்தது. மூன்று முறை கடைக்கு அலைந்தாள். சிங்கமுகம் வைத்த கம்பி பயமுறுத்தியது. ஈட்டி முனை வைத்தது ஜெயிலை நினைவுபடுத்தியது. கடைசியில் அந்தக் காலத்து மோஸ்தரில் ஒரு பித்தளைக் கம்பி அகப்பட்டது. இரண்டு முனையிலும் மாதுளை மொட்டு, இலை வேலைப்பாடு செய்த தாங்கிகள், திரை ஓட இருபது வளையங்கள். கண் வைத்தால் எடுக்க மனமில்லை. கை வைத்தால்தான் கனம் தெரிந்தது.

"இதுக்கு நாலு அங்குல ஸ்க்ரூ போடணும்க்கா. மேலோட்டமா அடிச்சா தூங்கும்போது தலையில விழும்" என்றார் கடை ஆள்.

நாலு அங்குலம் போனால் குழாயில்தான் போய் இடிக்கும். கணவரிடம் கேட்காமலே கொழுந்தனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"தொடாதீங்க அண்ணி. அங்க குழாய் போகுது. நான் வந்து குறிச்சுத் தர்றேன்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

மணி பன்னிரண்டரை. கணவர் சாப்பிட வருவது ஒரு மணிக்கு. அதற்குள் இவன் வந்து, குறித்து, போய்விட வேண்டும். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று இன்னொரு வார்த்தை தடித்துவிட்டால், இந்த ஜென்மத்தில் ஒட்டாது. அந்தப் பழியும் அவள் தலையில்தான் விடியும்.

முக்காலுக்கு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவள் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் நேராக ஏணியில் ஏறினான். சுவரைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மறுபடி தட்டினான். ஒரு பென்சில் புள்ளி வைக்க இவ்வளவு நேரமா! அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. இன்றைக்கென்று பத்து நிமிஷம் முன்னதாக.

கணவர் அறை வாசலுக்கு வந்தார். ஏணி மேல் தம்பியின் முதுகைப் பார்த்தார். தம்பி திரும்பவில்லை. பென்சில் மட்டும் அப்படியே நின்றது.

"குழாய் எந்தப் பக்கமா போகுது?" என்று சுவரிடம் கேட்டார் கணவர்.

"இடப்பக்கமா இறங்குதுண்ணே."

"அப்ப ரெண்டு அங்குலம் தள்ளிக் குறி."

தள்ளிக் குறித்துவிட்டு இறங்கினான். கடை ஆள் ஏறினார். டிரில் அலறியது. ஆறு ஓட்டைக்கும் அவள் ஆறு முறை செத்துப் பிழைத்தாள். தண்ணீர் பீய்ச்சவில்லை, செங்கல் தூள்தான் உதிர்ந்தது. ஏணியின் ஒரு காலை அண்ணன் பிடித்திருந்தார், மறு காலைத் தம்பி. யாரும் அவர்களைப் பிடிக்கச் சொல்லவில்லை.

கம்பி ஏறியது. கடை ஆள் போனார். சமையலறையில் அவள் தட்டு எடுக்க நின்றாள். இரண்டா, மூன்றா என்று தெரியவில்லை. கணவர் பின்னால் வந்து நின்றார்.

"அந்தச் சுவத்துல குழாயே கிடையாது" என்றார் மெல்ல.

"அவர் போகுதுன்னாரே!"

"சொல்லுவான். அவன் பதிக்கும்போது ஒவ்வொரு குழாயையும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

ஆறு வருஷமாக ஒரு ஆணி அடிக்கவிடாத மனுஷன்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கு நுனி வரை கேள்வி வந்துவிட்டது. ஆனால் அவர் அவளைப் பார்க்கவே இல்லை. தம்பி செருப்பைத் தேடுகிறானா என்று கூடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தட்டா எடு, சீக்கிரம். கிளம்பிடப் போறான்" என்றார். "அப்புறம், நாளைக்கு அடுத்த ரூமுக்கும் இதே மாதிரி ஒரு கம்பி வாங்கிடு. அங்க குழாய் எங்க போகுதுன்னு அவன்கிட்டயே கேளு."